கடைசி காலத் தீர்க்கதரிசனம்: ஜெபக்குழுவில் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து ஜெபக்குழுக்களில் வருஷப் பிறப்பு முடிந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். "இந்த வருஷம் கடைசி காலத்தைப் பத்திப் படிக்கலாமா? எதுல ஆரம்பிக்கலாம்?" பாதிப் பேர் வெளிப்படுத்தின விசேஷம் என்பார்கள். மூத்தவர்கள், தானியேல் தெரியாமல் அது புரியாது என்பார்கள். "அதெல்லாம் நமக்கு எதுக்கு, ஆயத்தமா இருந்தா போதாதா?" என்று ஒருவராவது கேட்பார். பேச்சு நீண்டுகொண்டே போய், கடைசியில் சங்கீதங்களையே மறுபடியும் எடுத்துவிடுவார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் எதை முதலில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் குழு தேறுதலோடு எழுந்து போகும், அல்லது பயத்தோடு எழுந்து போகும்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, படித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் எந்த மனதோடு போகிறார் என்பது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். யுத்தங்களைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியத்தில் இயேசு "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்கிறார். கர்த்தருடைய வருகையை விவரித்த கையோடு பவுல், "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்று எழுதுகிறார். அப்படியிருக்க, பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிற பாடம் வசனத்துக்கே எதிராக நடக்கிற பாடம்.

இரண்டாவது, எவ்வளவு சரித்திரப் பின்னணி தேவை என்பது. பாபிலோன், கிரேக்கர், ரோமர் என்று ஒவ்வொன்றையும் விளக்க ஆள் இருக்கிறாரா?

மூன்றாவது, காலம். நம் பக்கத்தில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், மணலி கம்பெனிகளில் இரவு வேலை செய்கிறவர்கள் அதிகம். ஒரு வருஷம் தொடர்ந்து வாராவாரம் வர எல்லாராலும் முடியாது.

நான்காவது, அன்றன்றைய செய்தியை அந்தப் பகுதிக்குள் திணிக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. 2004 சுனாமி, 2015 வெள்ளம், கொரோனா என்று ஒவ்வொன்றின்போதும் "இதுதான் அது" என்ற பேச்சு பரவியதை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

| | பின்னணித் தேவை | ஆகும் காலம் | முக்கிய லாபம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| படிக்காமல் விடுவது | இல்லை | இல்லை | சண்டை இல்லை | போன் பாடம் நடத்தும் |
| தானியேல் (12 அதிகாரம்) | அதிகம், முக்கியமாக 7-க்குப் பிறகு | 4 முதல் 5 மாதம் | தேவனே ராஜாக்களுக்கு மேல் என்ற உறுதி | 11-ஆம் அதிகாரத்தில் ஆள் குறையும் |
| மத்தேயு 24–25 | நடுத்தரம் | 5 அல்லது 6 வாரம் | இயேசுவின் வாயாலேயே கேட்பது | கி.பி. 70 ஆலய அழிவை விளக்கியே ஆக வேண்டும் |
| 1, 2 தெசலோனிக்கேயர் | குறைவு | 8 வாரம் | துக்கத்தில் இருப்பவருக்குத் தேறுதல் | முழுப் படமும் கிடைக்காது |
| வெளிப்படுத்தின விசேஷம் (22 அதிகாரம்) | மிக அதிகம் | ஒரு வருஷம் | ஆராதனை, பொறுமை, நம்பிக்கை | குழு இரண்டாகப் பிரியும் ஆபத்து |

## படிக்காமலே விடுவது

பல குழுக்கள் வாய்விட்டுச் சொல்லாமல் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணமும் இல்லாமல் இல்லை. கர்த்தர் வரும் நாள் 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் நாள் குறித்தார்கள். 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங் குறித்தார். இரண்டு நாளும் வந்து போயின. அவரவர் வேலையையும் சேமிப்பையும் விட்டவர்கள் உடைந்துபோனார்கள். இதையெல்லாம் பார்த்த போதகர்கள் ஒதுங்கிக்கொள்வது புரிகிறது.

ஆனால் சபை பேசாமல் இருந்தால் அந்த இடம் காலியாக இருக்காது. ராத்திரி பதினொரு மணிக்கு பிள்ளைகள் போனில் யாரோ ஒருவர் வரைபடம் போட்டு விளக்கிக்கொண்டிருப்பார். ஆதார் வந்தபோதும், தடுப்பூசி வந்தபோதும் "இதுதான் 666, மிருகத்தின் எண்" என்று கேட்டுப் பயந்தவர்கள் பெரும்பாலும் சபையில் வெளிப்படுத்தின விசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தை ஒரு தடவைகூட முழுசாகப் படிக்காதவர்கள்தான்.

"அது முத்திரை போட்ட புத்தகம், நமக்குப் புரியாது" என்றும் சிலர் சொல்கிறார்கள். தானியேலிடம் அவன் கேட்ட வார்த்தைகள் முடிவுகாலமட்டும் முத்திரிக்கப்பட்டிருக்கும் என்று சொல்லப்பட்டது உண்மை. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானிடம் சொல்லப்பட்டதோ நேர் எதிர்: "முத்திரைபோடவேண்டாம்." அந்தப் புத்தகத்தை வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் கைக்கொள்ளுகிறவர்களும் பாக்கியவான்கள் என்று முதல் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. பவுலும் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று எழுதி, அடுத்த வசனத்தில் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஒதுக்கவும் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது.

தற்காலிகமாகத் தள்ளிப்போடுவது சரியாக இருக்கும் சமயமும் உண்டு. குழுவில் யாராவது கடுமையான மனப்பதற்றத்தோடு சிகிச்சையில் இருந்தால், அவர் தேறும்வரை பொறுங்கள். அதே போல சபை ஏற்கனவே ஒரு விஷயத்தில் பிளந்து கிடந்தால் இது நேரம் இல்லை.

## தானியேல்

தீர்க்கதரிசனத்தை ஏன் படிக்க வேண்டும் என்பதற்குத் தானியேலே சாட்சி. 9-ஆம் அதிகாரத்தில் அவர் எரேமியாவின் புத்தகத்தைப் படிக்கிறார். எருசலேமின் பாழ்க்கடிப்பு 70 வருஷத்தில் முடியும் என்று அதிலிருந்து அறிந்துகொள்கிறார். அறிந்ததும் அவர் உட்கார்ந்து நாள் எண்ணவில்லை. இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். தீர்க்கதரிசனம் படித்த ஒருவர் எப்படி ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மாதிரியை நான் வேதத்தில் பார்த்ததில்லை.

முதல் 6 அதிகாரங்கள் கதைகள். சிறுவர்கள்கூட உட்கார்ந்து கேட்பார்கள். அக்கினிச்சூளை, சிங்கக்கெபி, சுவரில் எழுதின கை எல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே பழக்கமானவை. 2-ஆம் அதிகாரத்தில் ராஜா கனவில் கண்ட சிலையில் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, களிமண் கலந்த இரும்பு என்று ராஜ்யங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கைகளால் பெயர்க்கப்படாத கல் எல்லாவற்றையும் நொறுக்கும்.

7-க்குப் பிறகுதான் சிரமம். 8-ஆம் அதிகாரத்துக்கு மகா அலெக்சாந்தர் தெரிய வேண்டும். 11-ஆம் அதிகாரத்துக்கு அவருக்குப் பின் வந்த வட தென் ராஜாக்களின் சண்டைகள் தெரிய வேண்டும். கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகு எபிபானெஸ் யார் என்றும் தெரிய வேண்டும். இதைச் சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால், வாசிப்பவர் குரல் மட்டும் கேட்கும், மற்றவர்கள் மணி பார்ப்பார்கள். இன்னொரு சின்ன விஷயம்: ராயபுரத்தில் கத்தோலிக்கரும் சேர்ந்து உட்காரும் குழுக்கள் உண்டு. அவர்கள் வேதாகமத்தில் தானியேலுக்கு 14 அதிகாரம், 3-ஆம் அதிகாரத்தில் வசன எண்களும் மாறும். முதல் நாளே சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

வேலையிடத்தில் விசுவாசத்துக்காக அழுத்தம் அனுபவிக்கும் இளைஞர்கள் குழுவுக்குத் தானியேல் நல்ல தேர்வு. முதல் சுற்றில் 1 முதல் 6 வரையும் 9-ஆம் அதிகாரமும் மட்டும் எடுத்தால் போதும்.

## மத்தேயு 24–25

சீஷர்கள் ஆலயக் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். இங்கே ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார் இயேசு. அப்புறம் ஒலிவமலையில் தனியாக வந்து இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: இது எப்போது நடக்கும், உம்முடைய வருகைக்கும் உலக முடிவுக்கும் அடையாளம் என்ன? இந்த இரண்டு கேள்விகளும் பதிலில் பின்னிக்கிடக்கின்றன. கி.பி. 70-இல் ரோம சேனாபதி தீத்துவின் படை அந்த ஆலயத்தை அழித்தது. ஆகையால் அதிகாரத்தின் ஒரு பகுதி நடந்து முடிந்துவிட்டது. எது முடிந்தது, எது இனி வரவேண்டியது என்பதில் நல்ல வேத அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்ற 34-ஆம் வசனம் வந்ததும் கேள்வி எழும். லூக்கா 21-ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதி முடிச்சு அவிழும்.

நம் ஊரில் பேரிடர் வந்துபோன காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. அப்போதும் கடைசி காலப் பேச்சு கிளம்பியது. மத்தேயு 24 சொல்வதோ, "இவைகளெல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம்", "முடிவு உடனே வராது" என்று. அதே பிரசங்கம் 25-ஆம் அதிகாரத்தில் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பசியாயிருந்தவனுக்குப் போஜனம் கொடுத்தீர்களா, வியாதியாயிருந்தவனை விசாரித்தீர்களா என்ற கேள்வியில். தொழில் போய் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுப்பது கடைசி காலப் பாடத்துக்கு உட்பட்ட விஷயம். 24-ஐ மட்டும் நடத்திவிட்டு 25-ஐ விட்டுவிடுகிற குழுக்கள் பாதிப் பிரசங்கத்தைத்தான் கேட்டிருக்கின்றன.

## தெசலோனிக்கேயர் நிருபங்கள்

நான் முதலில் எடுக்கச் சொல்வது இவற்றைத்தான்.

கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்டவை. புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. பவுல் தெசலோனிக்கேயாவில் அதிக நாள் இருக்க முடியவில்லை. விசுவாசிகளோ புதியவர்கள். அவர் போன பிறகு சபையில் சிலர் இறந்துபோனார்கள். "கர்த்தர் வருவார்னு சொன்னாரே, அதுக்குள்ள இவங்க போயிட்டாங்களே, இவங்க கதி என்ன?" என்ற துக்கம். கடைசி காலத்தைப் பற்றிய போதனை அங்கே பிறக்கும் இடமே ஒரு சாவு வீடு.

காசிமேட்டில் ஒரு வீட்டு ஜெபத்தில் ஓர் அம்மா கேட்டார். மகன் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. "பாடி கூட கெடைக்கலையே ஐயா, அவன் எப்படி எழுந்து வருவான்?" பாயில் உட்கார்ந்திருந்த யாருக்கும் உடனே பதில் வரவில்லை. "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்" என்ற 1 தெசலோனிக்கேயர் 4:16-ஐ வாசித்தோம். கூடவே வெளிப்படுத்தின விசேஷம் 20:13: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." கடலில் போனவர்களும் அவர் கணக்கில் இருக்கிறார்கள். அந்த வசனத்தை அவருக்கு அதுவரை யாரும் காட்டியிருக்கவில்லை. அதே தெருவில் 666 என்றால் என்ன என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். நம் போதனை எங்கே சறுக்கியிருக்கிறது என்பதற்கு இது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாலிபர்களுக்கும் இதில் நேரடியான பதில் இருக்கிறது. "வருகை சீக்கிரம்னா நான் எதுக்கு ஐடிஐ முடிக்கணும்?" என்று கேட்கும் பையன்கள் உண்டு. தெசலோனிக்கேயாவிலும் வேலையை விட்டுவிட்டுத் திரிந்தவர்கள் இருந்தார்கள். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதியது அவர்களைப் பார்த்துத்தான். எதிர்பார்ப்போடு இருக்கிறவன் கையில் தொழிலோடு இருக்க வேண்டும் என்பது பவுலின் கட்டளை.

2 தெசலோனிக்கேயர் 2:2-ஐ நிறுத்தி வாசியுங்கள். பவுல் அனுப்பியதுபோலத் தோன்றும் நிருபத்தைப் பார்த்துச் சீக்கிரமாகச் சஞ்சலப்படாதீர்கள் என்கிறார். யார் எழுதியது என்றே தெரியாமல் வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைச் செய்திகளும் அந்த நிருபமும் ஒரே சாதி.

செலவு இல்லாமல் இல்லை. 4:17-இல் மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவது வரும்போது, இந்த இரகசிய வருகை கடைசி கால உபத்திரவத்துக்கு முன்பா பின்பா என்ற விவாதம் நிச்சயம் கிளம்பும். முன்பே என்ற போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பி மூலமாகவும், பிறகு 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமத்தின் மூலமாகவும் பரவியது. பெந்தெகொஸ்தே சபைகளில் பலருக்கு அது அடிப்படைப் போதனை. சிஎஸ்ஐ, லுத்தரன் பின்னணியில் வந்தவர்கள் பலர் அதைக் கேட்டு வளர்ந்ததில்லை. ஒரு வாரம் மட்டும் அதற்கு ஒதுக்கி, இரண்டு தரப்பையும் மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். 2-ஆம் நிருபத்தில், கர்த்தர் வருமுன் வெளிப்படப்போகிற பாவமனுஷனைத் "தடைசெய்கிறவன்" யார் என்பதும் அப்படித்தான். ரோம அரசாங்கம், பரிசுத்த ஆவியானவர் என்று பல பதில்கள் உண்டு. தெசலோனிக்கேயருக்குப் பவுல் நேரில் சொல்லியிருந்தார், நமக்கு எழுதி வைக்கவில்லை.

இஸ்ரவேல், ஆயிர வருஷ அரசாட்சி ஆகியவற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இந்த நிருபங்கள் போதாது.

## வெளிப்படுத்தின விசேஷம்

எல்லாரும் விரும்புவது இதைத்தான், பாதியில் நிற்பதும் இதில்தான். 404 வசனங்கள். நியாயப்பிரமாணத்தின், சங்கீதத்தின், எசேக்கியேலின், தானியேலின், சகரியாவின் வார்த்தைகள் பக்கத்துக்குப் பக்கம் எதிரொலிக்கும். ஆனால் இன்ன இடத்திலிருந்து எடுத்தேன் என்று யோவான் ஓரிடத்திலும் சொல்லமாட்டார். பழைய ஏற்பாடு பழக்கமில்லாத குழு அந்த இடத்தையெல்லாம் பத்திரிகைச் செய்தியால் நிரப்பிக்கொள்ளும்.

யோவான் பத்மு தீவில் எழுதியது பெரும்பாலோர் கருத்துப்படி ரோமச் சக்கரவர்த்தி தொமித்தியானின் கடைசி வருஷங்களில், கி.பி. 95 வாக்கில். எபேசு முதல் லவோதிக்கேயா வரை ஏழு சபைகளும் உண்மையான ஊர்களில் இருந்த உண்மையான சபைகள். லவோதிக்கேயா கி.பி. 60 நிலநடுக்கத்தில் இடிந்து, ரோமின் உதவி இல்லாமலே தன் பணத்தில் எழும்பிய ஊர். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்ற அதன் பேச்சு இதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் வேறு மாதிரி கேட்கும்.

புத்தகத்தைப் படிக்கப் பெரிதாக நான்கு வழிகள் உண்டு. முதல் நூற்றாண்டிலேயே பெரும்பகுதி நடந்துவிட்டது என்பது ஒன்று. சபைச் சரித்திரம் முழுவதும் படிப்படியாக நிறைவேறுகிறது என்பது இன்னொன்று. 4-ஆம் அதிகாரம் முதல் எல்லாம் இனிமேல்தான் என்பது மூன்றாவது. எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் போராட்டத்தின் படம் என்பது நான்காவது. நம் பக்கத்து மேடைகளில் நாம் அதிகம் கேட்பது மூன்றாவது. மற்றவையும் விசுவாசமுள்ள கிறிஸ்தவர்கள் எடுத்த வழிகள்தான் என்று குழுவுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், வேறு மாதிரி கேட்டு வளர்ந்த ஒரு சகோதரியை "விசுவாசத்தை விட்டுட்டாங்க" என்று சொல்லும் நாள் வரும். 666-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நீரோ சீசர் என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதி, எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டினால் 666 வருகிறது. பல அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். தடுப்பூசியைப் பார்த்துப் பயந்த வீட்டில் இதை ஒருதரம் விளக்கினாலே பேச்சின் வேகம் குறையும்.

இவ்வளவு சொன்னாலும் இந்தப் புத்தகத்தைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். 18-ஆம் அதிகாரத்தைத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் சத்தமாக வாசிக்கக் கேளுங்கள். பாபிலோனின் சரக்குப் பட்டியல்: பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், எண்ணெய், மாவு, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, கடைசியில் மனுஷருடைய ஆத்துமாக்கள். மாலுமிகளும் கப்பல்காரரும் தூரத்தில் நின்று புலம்புகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தினமும் கடந்து போகிறவர்களுக்கு, சரக்குக்கு இருக்கும் மதிப்பு மனுஷனுக்கு இல்லாமல் போகும் உலகத்தை விளக்க வேண்டியதில்லை. தேவன் அந்தக் கணக்கைப் பார்க்கிறார் என்று அவர்களுக்குச் சொல்ல இந்த அதிகாரம் வேண்டும்.

ஒரு வருஷம் உட்காரக்கூடிய குழு, நிதானமான போதகர், ஏற்கனவே தானியேலும் மத்தேயு 24-ம் படித்த பழக்கம், இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக எடுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தால் முதல் 5 அதிகாரங்களையும் கடைசி 2 அதிகாரங்களையும் மட்டும் இப்போதைக்கு வாசியுங்கள்.

## எப்போது தொடங்குவது

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். காசிமேடு, திருவொற்றியூர் குப்பங்களில் ஆண்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. கையில் காசு இல்லாத காலமும் அதுதான், ஆகையால் கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் காணிக்கை, புத்தகம் என்று எதுவும் கேட்காதீர்கள். தெசலோனிக்கேயர் இரண்டு நிருபங்களிலும் சேர்த்து 8 அதிகாரம். வாரம் ஒன்றாக எடுத்தால் தடை நீங்கும் முன் முடிந்துவிடும். மத்தேயு 24–25-ஐ மழைக்காலத்துக்கு முன் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் நிருபத்துக்கு முன்னால் அப்போஸ்தலர் 17:1–10-ஐ வாசியுங்கள். கலகம் எழுந்து, பவுலையும் சீலாவையும் இரவோடு இரவாக ஊரைவிட்டு அனுப்பிய கதை அதில் இருக்கிறது. அதைக் கேட்டபிறகு 1 தெசலோனிக்கேயர் முதல் அதிகாரத்தை யாராவது ஒருவர் நிறுத்தாமல் வாசிக்கட்டும். அன்றைக்கு விளக்கம் அவ்வளவு போதும், மீதி நேரம் துக்கத்தில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கலாம்.